புது ஸ்ட்ரட் 4 மாதத்தில் ஆயில் கசிகிறது, வழக்குப் போடலாமா?

கேள்வி: என் சொந்தக் காரில் முன்பக்க ஸ்ட்ரட் (சக்கரத்தின் அதிர்வைத் தாங்கும் ஷாக் அப்சார்பர்) இரண்டையும் "கம்பெனி ஒரிஜினல்" என்று சொல்லி ஒரு ஒர்க்‌ஷாப்பில் மாற்றினார்கள். 4 மாதத்தில் இடதுபக்கம் ஆயில் கசிகிறது, பள்ளத்தில் இறங்கினால் டக் டக் என்று சத்தம், முன் டயர்கள் உட்புறமாகத் தேய்ந்துவிட்டன. "சஸ்பென்ஷனுக்கு வாரண்டி கிடையாது" என்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: வழக்குப் போடலாம். ஆனால் அதற்கு முன் ஒன்று, கோபத்தில் வேறு ஒர்க்‌ஷாப்புக்குப் போய் அந்த ஸ்ட்ரட்டைக் கழற்றிவிடாதீர்கள். உங்கள் வழக்குக்கு உயிரே அதுதான், கழற்றிப் போட்டுவிட்டால் "அது நாங்கள் மாட்டியதே இல்லை" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்.

முதலில் சக்கரத்தை முழுக்கத் திருப்பி வைத்து, ஸ்ட்ரட்டின் உடம்பில் ஆயில் வழிந்து மண் ஒட்டியிருக்கும் இடத்தையும், அதில் பொறித்த அல்லது ஒட்டிய பார்ட் நம்பரையும், ஓடோமீட்டரையும் போட்டோ எடுங்கள். இடது, வலது நம்பர் வேறுவேறாக இருப்பது பல கார்களில் சகஜம்தான். அந்த நம்பரை உங்கள் சேஸிஸ் நம்பரோடு கார் கம்பெனியின் ஸ்பேர் கவுன்டரில் ஒப்பிட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பழையதையோ புதுப்பித்ததையோ புதுசு என்று விற்றிருந்தால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி அது நியாயமற்ற வணிக நடைமுறை.

அப்புறம் டயர். ஸ்ட்ரட்டைக் கழற்றி மாட்டினால் பெரும்பாலான கார்களில் சக்கரத்தின் சாய்வும் திசையும் மாறிவிடும், அதனால் வீல் அலைன்மென்ட் பார்த்தே ஆகவேண்டும். பில்லிலும், என்னென்ன வேலை என்று ஒர்க்‌ஷாப்பில் எழுதும் ஜாப் கார்டிலும் அது இருக்கிறதா பாருங்கள். அவர்கள் செய்யவும் இல்லை, செய்யச் சொல்லவும் இல்லை என்றால் அது சேவைக் குறைபாடு. செய்யச் சொல்லி நீங்கள் போகாமல் விட்டிருந்தால், வெளிப்படையாகவே சொல்கிறேன், டயருக்குக் கேட்பது கஷ்டம்.

வாரண்டி இல்லை என்று பில்லில் அச்சடித்ததாலேயே மோசமான வேலைக்கு அவர்கள் பொறுப்பாகாமல் போகமாட்டார்கள்.

பிரச்சினை, தேதி, பில் நம்பர், 15 நாள் அவகாசம், எல்லாம் குறிப்பிட்டு ஸ்பீடு போஸ்டில் நோட்டீஸ் அனுப்புங்கள். கார் ஓட்டவே ஆபத்தாக இருந்தால் காத்திருக்க வேண்டாம், இன்ன தேதியில் இன்ன இடத்தில் கழற்றுகிறோம், வந்து பாருங்கள் என்று அவர்களுக்கு எழுதிவிட்டு மாற்றுங்கள், கழற்றியதைத் துடைக்காமல் பையில் கட்டி வையுங்கள். வழக்குப் போட்டபின் தேவைப்பட்டால் நுகர்வோர் ஆணையமே அதைச் சோதனைக்கு அனுப்பும்.

பதில் வராவிட்டால் நீங்கள் குடியிருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே மனு போடலாம், வக்கீல் கட்டாயமில்லை, கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமும் கிடையாது. காலக்கெடு 2 வருடம். ஸ்ட்ரட் விலை, வேலைக்கூலி, தேய்ந்த அளவுக்கு டயர் பணம், வழக்குச் செலவு, இவற்றை ரசீதோடு கேளுங்கள். மன உளைச்சலுக்கு என்று லட்சக்கணக்கில் எழுதி மனுவைப் பலவீனமாக்காதீர்கள்.