டோர்னமென்ட் அப்புறம்

வணக்கம் ஐயா,

உடற்கல்வியில் பி.பி.எட். முடித்திருக்கிறேன். பள்ளி வேலைக்குக் காத்திராமல், ஊர்ப் பிள்ளைகளுக்கு வாலிபால் சொல்லிக்கொடுப்பதையே தொழிலாக்க ஆசை. முதலில் சங்கம் பதிவுசெய்து, ஒரு டோர்னமென்ட் நடத்தலாமா? வருமானத்துக்கு வழி உண்டா?

எஸ்., தேனி மாவட்டம்

அன்புள்ள எஸ்.,

இரண்டையும் தள்ளிப்போடுங்கள். பந்தல், மைக், கோப்பை என்று கைக்காசு கரையும். ஆட வருவதோ ஏற்கெனவே ஆடத் தெரிந்த வெளியூர் டீம்கள். உங்கள் தெருப் பிள்ளைகள் வேடிக்கை பார்த்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள்.

வாரம் மூன்று நாள், மாறாத நேரம், ஒரு வருகை நோட்டு. ஆறு மாதம் இது போதும். பெயர், வயது, பெற்றோர் போன் நம்பர் எழுதுங்கள். யாராவது நின்றுவிட்டால் வீட்டில் விசாரித்துக் காரணத்தையும் எழுதுங்கள். பின்னால் நிதி கேட்கப் போகும்போது போட்டோக்களைவிட இந்த நோட்டுக்குத்தான் மதிப்பு.

முழு கோர்ட்டில் ஆறுக்கு ஆறு நிறுத்தினால் பத்து வயதுப் பிள்ளையின் கையில் பந்தே படாது. பந்து படாத பிள்ளை அடுத்த வாரம் வராது. 18-க்கு 9 மீட்டர் கோர்ட்டின் நடுவே, நீளவாக்கில் வலைக்குப் பதிலாக ஒரே கயிறு கட்டுங்கள். சுண்ணாம்புக் கோடு போட்டு நாலாகப் பிரித்தால், 4.5 மீட்டர் அகலத்தில் நாலு குட்டி கோர்ட். மூன்றுக்கு மூன்று என்று 24 பேர் ஒரே நேரத்தில் ஆடலாம். அவ்வளவு நீளக் கயிறு நடுவில் தொய்யும். அங்கே ஒரு மூங்கிலை முட்டுக்கொடுங்கள். உயரம் இரண்டு மீட்டர் போதும், ஆண்கள் போட்டி வலையின் 2.43 மீட்டர் எல்லாம் வேண்டாம். பந்து குறைந்தது நாலு வேண்டும். 260 கிராமுக்கு மேற்பட்ட மேட்ச் பந்து முன்கையில் சுளீரென்று படும்; பயந்து முழங்கையை மடக்கப் பழகிவிட்டால் அப்புறம் திருத்துவது பெரும்பாடு. எடை குறைந்த பந்தே வாங்குங்கள்.

பெண் பிள்ளைகள் தொடர்ந்து வரவேண்டுமானால் இருட்டுவதற்குள் முடியுங்கள். பக்கத்தில் கழிப்பறை வேண்டும், கூட ஒரு பெண் உதவியாளர் வேண்டும். எந்தப் பிள்ளையோடும் தனியாக இருக்காதீர்கள். பாலியல் சீண்டல் என்று தெரியவந்தால் சமாதானம் பேசக்கூடாது. போக்சோ சட்டப்படி போலீசில் சொல்லியே ஆகவேண்டும். குழந்தைகள் உதவி எண் 1098.

மைதானம் தங்களுக்கு வேண்டும் என்று பெரிய பையன்கள் போட்டிக்கு வருவார்கள். சண்டை வேண்டாம், அவர்களில் இரண்டு பேரை அம்பயராக்குங்கள். நேரத்தைப் பேசி முடித்து, பஞ்சாயத்தில் எழுத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள்.

இனி பணம். முடிந்தவர்களிடம் சிறு கட்டணம் வாங்குங்கள். முழு இலவசம் என்றால் பெற்றோரே மட்டம் போடவிடுவார்கள். முடியாதவர் யார் என்பது உங்களுக்கு மட்டும் தெரிந்தால் போதும். நோட்டு நிறைந்தபின் சங்கம்: 1975-ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி குறைந்தது ஏழு பேர் வேண்டும். கிராமப்புற விளையாட்டுப் பயிற்சிக்குக் கம்பெனிகளின் சிஎஸ்ஆர் (சமூகப் பொறுப்பு) நிதியில் இடமுண்டு; ஆனால் 12ஏ, 80ஜி எனப்படும் வருமான வரிப் பதிவுகளையும், சிஎஸ்ஆர் நிதி பெறுவதற்கான சிஎஸ்ஆர்-1 பதிவையும் கேட்பார்கள், அதற்கு மாதக்கணக்காகும். அதுவரை காலையில் தனியார் பள்ளியில் பகுதிநேரம் பாருங்கள். பாட்டியாலாவிலுள்ள தேசிய விளையாட்டு நிறுவனத்தின் (என்ஐஎஸ்) ஆறு வாரச் சான்றிதழ் பயிற்சிக்கும் முயலுங்கள். கூடவே எக்செல் பழகுங்கள். தொண்டு நிறுவனங்களில் ஒருங்கிணைப்பாளர் வேலையில் பாதி நேரம் அறிக்கை எழுதுவதுதான்.