படலையடியில் நாலு கோடு, அறைக்குள் ஒன்றும் இல்லை

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் போன் சிக்னல் பற்றித்தான். அதனால் மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இதையே எடுத்துக்கொள்கிறேன்.

கொழும்பில் இருபது வருடம் இருந்துவிட்டு, அம்மாவைப் பார்க்கவென்று குடும்பத்தோடு ஊருக்கு வந்துவிட்டோம். அங்கே ஒரு குறையும் சொல்லாத அதே சிம், இங்கே படலையடியில் நாலு கோடு காட்டுகிறது, அறைக்குள் வந்தால் ஒன்றும் இல்லை. லண்டனிலிருந்து அண்ணா எடுத்தால் மாமரத்தடிக்கு ஓடவேண்டிக் கிடக்கிறது. ஆளுக்கொரு கம்பனியைச் சொல்கிறார்கள். எதை எடுக்கலாம்? (வாசகி, வேலணை)

அக்கா, நான் ஒரு கம்பனியின் பெயரைச் சொல்லுவேன் என்று எதிர்பார்த்தால் கோபிக்கவேண்டாம், சொல்லமாட்டேன். மழுப்புவதற்காக இல்லை. என் வீட்டில் நன்றாக எடுப்பது உங்கள் வீட்டில் எடுக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் கிடையாது. உங்களுக்கும் உங்கள் ஒழுங்கைக் கடைசி வீட்டுக்குமே வேறுபடும். ஒரு டவரில் உள்ள அன்டெனாக்கள் பொதுவாக மூன்று பக்கம் பார்த்துப் பூட்டப்பட்டிருக்கும். உங்கள் வளவு ஒன்றின் நேர்முகத்தில் இருக்கிறதா, இரண்டுக்கும் நடுவிலுள்ள மூலையில் இருக்கிறதா என்பதே பெரிய வித்தியாசம். குடாநாடு தட்டை நிலம், மலையகம் மாதிரி மறைப்பதற்கு மலை இல்லை. இங்கே மறைப்பது பனங்கூடலும் வீட்டுச் சுவரும்தான். பழைய கல்வீட்டின் தடித்த சுவர், கொங்கிறீட் தட்டு, எல்லாவற்றையும் விட மோசம் தகரக் கூரை. தகரம் சிக்னலைத் திருப்பியே அனுப்பிவிடும். படலையடியில் நாலு கோடு, அறைக்குள் சைபர் என்றால் டவர் உங்களுக்குக் கிட்டத்தான் இருக்கிறது, குறுக்கே நிற்பது உங்கள் வீடு.

இன்னொரு காரணமும் உண்டு. எல்லாச் சிக்னலும் ஒரே அலைவரிசையில் வருவதில்லை. 900 மெகாஹேர்ட்ஸ் அலை தூரமும் போகும், சுவரையும் ஓரளவு துளைக்கும். 1800, 2300 என்று மேலே போகப் போக வேகம் கொடுப்பதற்கு இடம் கூட, ஆனால் சுவரைக் கண்டால் சோர்ந்துவிடும். ஒரே கம்பனியே ஒரு ஊரில் ஒன்றையும் அடுத்த ஊரில் மற்றதையும் வைத்து ஓட்டலாம். ஆகவே கம்பனிகள் இணையத்தில் போடும் கவரேஜ் வரைபடத்தில் உங்கள் ஊர் முழுக்க நிறம் பூசியிருப்பதைப் பார்த்து ஏமாறவேண்டாம், அது கணினி கணக்குப் போட்டுக் கீறியது, பெரும்பாலும் வெளியில் நிற்கிற ஆளுக்கு. நானும் ஒருமுறை அந்த நிறத்தை நம்பி வீட்டுக்கு ஒரு ரவுட்டர் வாங்கினேன் (எந்தக் கம்பனி என்று கேட்கவேண்டாம்). கடைசியில் அது குசினி யன்னலில் வைத்தால் மட்டும் வேலை செய்தது. எண்ணெய்ப் புகைக்குள் இருந்து கொண்டுதான் ஆறு மாதம் நெட் பார்த்தோம்.

அப்ப என்ன செய்வது? பக்கத்து வீட்டார் இரண்டு மூன்று பேரை, வேறு வேறு சிம் வைத்திருப்பவர்களாகப் பார்த்து, பின்னேரம் ஏழு மணிக்குப் பிறகு தேத்தண்ணிக்குக் கூப்பிடுங்கள். பகலில் வேண்டாம், பகலில் எல்லாமே நன்றாகத்தான் எடுக்கும். அம்மாவின் அறைக்குள் இருந்து அவர்களை ஒரு அழைப்பு எடுக்கச் சொல்லுங்கள், பிறகு ஒரு வீடியோ அழைப்பு. கோட்டை எண்ணவேண்டாம், நாலு கோடு என்றால் இவ்வளவு என்று எல்லாப் போனுக்கும் பொதுவான கணக்கு இல்லை. அன்ட்ரொய்ட் போனில் செட்டிங்ஸுக்குள் போய், போனைப் பற்றிய பகுதியில் சிம் நிலை என்பதைத் திறந்தால் டிபிஎம் (dBm) என்று சிக்னலின் பலத்தைக் காட்டும் ஒரு எண் வரும். ஐபோனில் \*3001#12345#\* அடித்து அழைப்புப் பொத்தானை அமத்தினால் அந்த விபரம் வரும். எண் மைனஸில் இருக்கும். 4ஜியில் மைனஸ் 85 என்றால் சந்தோசம், மைனஸ் 105 என்றால் சமாளிக்கலாம், மைனஸ் 115ஐத் தாண்டினால் திரும்பவும் மாமரத்தடிதான். ஒவ்வொரு பத்துக்கும் சிக்னல் பத்தில் ஒன்றாகக் குறைகிறது, அதனால் 85க்கும் 105க்கும் இடையில் நூறு மடங்கு வித்தியாசம்.

யாருடையது தேறுகிறதோ அந்தக் கம்பனியின் சிம் ஒன்றை வாங்கி இரண்டாவது துளையில் போட்டு ஒரு மாதம் பாவியுங்கள். அதுவரை லண்டனுக்கு நம்பர் மாறிவிட்டது என்று சொல்லவேண்டாம். பழையதையும் வீசவேண்டாம், வங்கியிலிருந்து வரும் குறியீடு அதற்குத்தானே வரும். இடைக்கிடை சின்னத் தொகைக்கு ரீலோட் போட்டு உயிரோடு வைத்திருங்கள்.

மகளுக்கு நெடுந்தீவில் ஆசிரியர் நியமனம் கிடைத்திருக்கிறது. என்னிடம் 077உம் 075உம் இருக்கிறது, இரண்டையும் கொடுத்துவிடட்டுமா? (தந்தை, நெல்லியடி)

ஐயா, நல்ல காலம் கேட்டீர்கள். 075 எயார்டெல்லின் நம்பர், எயார்டெல் 2024இல் டயலொக்கோடு சேர்ந்துவிட்டது. 077, 076, 074 எல்லாம் டயலொக். ஆக நீங்கள் கொடுக்கப்போவது ஒரே வீட்டின் இரண்டு திறப்பு. இதே போல 072 முந்தி எடிசலாட், 2018இல் ஹட்ச் வாங்கியதில் இருந்து 078உம் 072உம் ஒன்று. 071, 070 மொபிட்டல். ஒன்று விழுந்தால் மற்றது கைகொடுக்கவேண்டும் என்றால் இரண்டு வேறு வீட்டில் இருந்து எடுக்கவேண்டும். இங்கே சிம் கணக்கில் எண்ணுகிறவர்கள்தான் அதிகம், கம்பனிக் கணக்கில் எண்ணுகிறவர்கள் குறைவு.

நெடுந்தீவு என்றால் குறிகட்டுவானில் இருந்து ஒரு மணித்தியாலக் கடற்பயணம், தீவு முழுக்கத் தட்டை. எந்தச் சிம் என்பதை அந்தப் பள்ளிக்கூடத்தில் ஏற்கெனவே படிப்பிக்கும் ரீச்சர்மாரைத்தான் கேட்கவேண்டும், அவர்கள் தங்குகிற விடுதியில் எது எடுக்கிறது என்று. மின்சாரம் எவ்வளவு நேரம் நிற்கிறது, நின்றால் டவர் எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கிறது என்பதையும் கேளுங்கள். டவருக்கும் கரண்ட் வேண்டும், பற்றரி முடிந்தால் அதுவும் படுத்துவிடும். 2022இல் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்தவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. ஒரு நல்ல பவர் பேங்கும் வாங்கிக் கொடுங்கள்.

கடற்கரையோரம் வீடு. சில நாட்களில் போனில் இந்தியக் கம்பனியின் பெயர் வருகிறது, காசும் குறைகிறது. (வாசகர், பருத்தித்துறை)

கடலுக்கு மேலே சிக்னலை மறைக்க ஒன்றும் இல்லை. வெக்கையும் காற்றில்லாமையும் சேர்ந்த நாட்களில் கடலுக்கு மேலுள்ள காற்றடுக்கு ஒரு குழாய் மாதிரி வேலை செய்து, வழக்கமாக எட்டாத தூரத்துக்கும் அலையைக் கொண்டுபோய்விடும். அக்கரைச் சிக்னலைப் பிடித்த போன் நீங்கள் இந்தியாவுக்குப் போய்விட்டீர்கள் என்று நினைத்துக்கொள்கிறது. மணிக்கூட்டைப் பார்த்தும் கண்டுபிடிக்க ஏலாது, 2006 ஏப்ரலில் இருந்து இரண்டு நாட்டுக்கும் ஒரே நேரம்தானே.

டேட்டா ரோமிங்கை, அதாவது வேறு நாட்டுக் கம்பனியின் சிக்னலில் நெட் ஓடுவதை, நிற்பாட்டுங்கள். பிறகு நெட்வேர்க் தெரிவைத் தானாகத் தேடுவதில் இருந்து எடுத்து, உங்கள் கம்பனியைக் கையால் தெரிவு செய்துவிடுங்கள். அழைப்புக்கும் காசு போகிறது என்றால் கம்பனிக்கு எடுத்து ரோமிங்கையே முழுதாக வெட்டச் சொல்லுங்கள். சொல்லியும் கேட்காவிட்டால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் 1900க்கு முறைப்பாடு செய்யலாம். கடலுக்குப் போகிற உங்கள் ஆட்களுக்கும் இதைச் சொல்லிவிடுங்கள், அவர்களுக்குத்தான் இது கூட நடக்கும்.

கனடாவில் இருந்து சித்தி ஒரு பாவித்த போன் அனுப்புகிறா. எங்கடை சிம் வேலை செய்யுமா? (மாணவன், சுன்னாகம்)

தம்பி, அனுப்பமுதல் சித்தியிடம் இரண்டு விசயம் கேள். முதலாவது, லொக் இருக்கிறதா, அதாவது ஒரு கம்பனியின் சிம் மட்டும் வேலை செய்யும்படி பூட்டியிருக்கிறதா. கனடாவில் 2017 டிசம்பரில் இருந்து போனை லொக் பண்ணி விற்க முடியாது, அதற்கு முந்திய பழசு என்றால் அங்கேயே திறந்து அனுப்பச் சொல். இரண்டாவது, \*#06# அடித்தால் வரும் ஐஎம்இஐ இலக்கம், போனுக்குப் போன் வேறுபடும் அடையாள எண். அதையும் மொடல் பெயரையும் வாங்கி, 1800, 900 இரண்டு அலைவரிசையும் 4ஜியில் எடுக்குமா என்று இணையத்தில் பார். 4ஜியிலேயே குரல் அழைப்புப் போகும் வசதி அந்த மொடலுக்கு உண்டா என்று உன் கம்பனியிடமும் கேட்டுவிடு. நெட் பறக்கும், அழைப்பு மட்டும் கரகரக்கும் என்று சொல்கிற பல பேரின் பிரச்சினை அதுதான்.

முழுக்கோடும் காட்டுகிறது, ஆனால் இரவில் ஒரு படம்கூடப் போகுதில்லை. ஏன்? (வாசகி, கொக்குவில்)

நல்லூர்த் தேரன்று வீதியில் நின்று ஒரு படம் அனுப்பிப் பார்த்திருக்கிறீர்களா? அதே கதை. சிக்னல் பலமாக இருக்கிறது, ஆனால் அந்த ஒரு டவரில் எல்லாரும் தொங்குகிறார்கள். உங்கள் பகுதியில் மாணவர் விடுதிகள் கூட, இரவு ஒன்பது மணிக்கு அத்தனை பேரும் நெட்டில்தான். சிம்மை மாற்றுவது என்றால், அந்த விடுதிப் பிள்ளைகள் அதிகம் வைத்திருக்காத கம்பனியாகப் பார்த்து எடுங்கள்.