போனைப் பறித்து அலுமாரியில் பூட்டிவிட்டோம், இனி என்ன செய்வது?

சுன்னாகத்தில் இருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார். மகனுக்கு 17 வயது, அடுத்த வருடம் உயர்தரப் பரீட்சை. ரியூசன் அட்டையில் இரண்டு மாதமாகக் காசு கட்டிய அடையாளம் இல்லை என்று கண்டு அவனை இருத்திக் கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்திருக்கிறது. இன்ஸ்ரகிராமில் ஒரு பெண்ணின் பெயரில் வந்த யாரோ நாலைந்து நாள் இனிக்க இனிக்கக் கதைத்து, வட்ஸ்அப் வீடியோ அழைப்புக்குக் கூட்டிப்போய், அதைப் பதிவு செய்து வைத்துக்கொண்டு மிரட்டிக் காசு வாங்கியிருக்கிறார்கள். அப்பா கை நீட்டிவிட்டார், போன் அலுமாரிக்குள் போய்விட்டது, கணக்கையும் அழித்தாயிற்று. இப்போது பிள்ளை சாப்பிடுவதில்லை, யாரோடும் கதைப்பதில்லை. "மெல்பேர்னில் இருக்கிற தங்கச்சி அங்கே பிள்ளைகளுக்கு இதெல்லாம் தடை என்கிறாள், நாங்களும் அடியோடு நிறுத்திவிடவா? பொலிசுக்குப் போனால் ஊருக்குத் தெரியாதா?" என்று கேட்கிறார்.

அம்மா, போனுக்குப் பிறகு வருகிறேன். முதலில் பிள்ளையைப் பாருங்கள். சாப்பாடும் பேச்சும் நின்றுபோன பிள்ளையிடம் "சாகவேணும் போல இருக்கா?" என்று நேராகவே கேட்கலாம், கேட்க வேண்டும். கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாக வந்துவிடாது, இருக்கிற எண்ணத்தைச் சொல்ல வழி கிடைக்கும். தோட்டத்து மருந்துகள், அம்மம்மாவின் மாத்திரைகள் எல்லாவற்றையும் இன்றைக்கே பூட்டி வையுங்கள். இது வீண் பயம் இல்லை. 1995இல் இருந்து ஆபத்தான பூச்சிகொல்லிகளை ஒவ்வொன்றாகத் தடை செய்துவந்த இலங்கையில் அடுத்த 20 வருடங்களில் தற்கொலை விகிதம் ஏறத்தாழ 70 சதவீதம் குறைந்தது, ஏனென்றால் சாகவேணும் என்ற அந்த வேகம் பல பேருக்குச் சிறிது நேரத்தில் தணிந்துவிடும், அந்த நேரத்தில் கைக்கு எட்டாமல் இருப்பதே உயிரைக் காப்பாற்றும். ஆம் என்று சொன்னாலோ, ஒன்றும் சொல்லாமல் இருந்தாலோ அவனைத் தனியே விடாமல் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கோ தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கோ கூட்டிப்போங்கள். அரசாங்க ஆஸ்பத்திரி, காசு தேவையில்லை. நடுச்சாமத்தில் என்றால் 1926க்கு எடுங்கள், தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம் அது.

அப்புறம், போனைத் திருப்பிக் கொடுங்கள். கோபம் வரும் என்று தெரிந்துதான் சொல்கிறேன். இப்படி மாட்டிக்கொண்டு என்னிடம் வந்த பையன்களிடம் "ஏன் ராசா வீட்டில சொல்லேல்ல?" என்று கேட்டால் திரும்பத் திரும்ப ஒரே பதில்தான் வரும்: "சொன்னா போனைப் பறிச்சுப்போடுவினம்." மிரட்டுகிறவனுக்கும் இது நன்றாகத் தெரியும், பிள்ளை வீட்டில் வாய் திறக்க மாட்டான் என்ற நம்பிக்கையில்தான் அவனுடைய தொழிலே நடக்கிறது. நீங்கள் பறித்த அன்றைக்கு, வீட்டில் சொல்லாமல் இருந்ததே சரி என்று பிள்ளைக்குப் பட்டிருக்கும். "உன்னில பிழை பிடிக்க வரேல்ல, காசு கேட்டவன்தான் கள்ளன், போன் உன்னட்டத்தான் இருக்கும்" என்று நீங்களும் அப்பாவும் சேர்ந்து சொல்லுங்கள். அடித்ததற்கு அப்பா ஒரு வார்த்தை வருத்தம் தெரிவித்தால் அதுவே பாதி மருந்து. இரவில் மட்டும் எல்லோருடைய போனும், உங்களுடையதும் சேர்த்து, விறாந்தையில் சார்ஜில் கிடக்கட்டும்.

இந்த மோசடி எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் உங்கள் கோபம் பிள்ளையை விட்டுப் போகும். பெரும்பாலும் இது ஒரு ஆள் செய்கிற வேலை இல்லை. கூட்டமாக இருந்து ஒரே வசனங்களை ஒரே நேரத்தில் பல பிள்ளைகளுக்கு அனுப்புகிறார்கள். முதலில் உங்கள் மகனின் நண்பர்கள் சிலரைத் தங்கள் பட்டியலில் சேர்த்துக்கொள்வார்கள், அதனால் தெரிந்த ஆள் போலத் தோன்றும். பதிவு கையில் கிடைத்ததும் அவனைப் பின்தொடர்கிறவர்களின் பட்டியலை ஸ்கிரீன்ஷொட் எடுத்து அவனுக்கே அனுப்புவார்கள். கனடாச் சித்தப்பா, பள்ளிக்கூட ரீச்சர், ரியூசன் பெடியள், எல்லாப் பெயரும் அதில் இருக்கும், "பத்து நிமிசம் தாறம்" என்று கீழே ஒரு வரி. பெரிய ஆட்களே தடுமாறிப் போகிற இடம் அது. 17 வயதுப் பிள்ளை ரியூசன் காசை எடுத்துக் கொடுத்ததில் என்ன அதிசயம்?

இனி ஒரு சதமும் கொடுக்க வேண்டாம். கொடுத்தால் நிற்காது, இந்த வீட்டில் காசு வரும் என்று குறித்து வைத்துக்கொண்டு தொகையைக் கூட்டுவார்கள். பதிலும் வேண்டாம், கெஞ்சலும் வேண்டாம், திட்டும் வேண்டாம். அழித்த இன்ஸ்ரகிராம் கணக்கை 30 நாளுக்குள் என்றால் பழைய கடவுச்சொல்லைப் போட்டு மீட்கலாம், ஆகவே இன்றைக்கே அவனைக் கொண்டு மீட்பியுங்கள், சாட்சியில் பெரும்பகுதி அதற்குள்தான் இருக்கிறது. மிரட்டல் மெசேஜ்கள், அந்தக் கணக்கின் முழு முகவரி (காட்டும் பெயரை நொடியில் மாற்றலாம், அது போதாது), வட்ஸ்அப் இலக்கம், காசு போன கணக்கு இலக்கம், திகதி, எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷொட் எடுத்து வைத்த பிறகு ரிப்போர்ட் செய்து புளொக் பண்ணுங்கள். அவர்கள் பதிவு செய்த வீடியோவையோ படத்தையோ மட்டும் "பாருங்கோ" என்று யாருக்கும் அனுப்பிவிடாதீர்கள். 18 வயதுக்குக் குறைந்தவரின் ஆபாசமான படத்தை வைத்திருப்பதும் பரப்புவதும் தண்டனைச் சட்டக்கோவையில் குற்றம்.

'ரேக் இற் டவுன்' (Take It Down) என்று ஒரு இலவச சேவை இருக்கிறது, காணாமற்போன, சுரண்டப்பட்ட பிள்ளைகளுக்கான அமெரிக்காவின் தேசிய மையம் நடத்துவது, 18 வயதுக்கு முன் எடுத்த படங்களுக்கானது. அதில் படம் போனை விட்டு வெளியே போவதில்லை. படத்தில் இருந்து விரலடையாளம் போல ஒரு எண்தொடர் மட்டும் உருவாகிப் போகும், முகநூல், இன்ஸ்ரகிராம், ரிக்ரொக் போன்ற தளங்கள் அதை வைத்து அதே படம் ஏறினால் பிடிக்கும். வட்ஸ்அப்பில் தனிப்பட்ட முறையில் கைமாறுவதை அது தடுக்காது, இதையும் தெரிந்து வைத்திருங்கள். அப்படி யாருக்காவது போய்விட்டால் பதற்றப்பட்டு விளக்கம் கொடுக்க வேண்டாம். "பிள்ளையைக் கள்ளர் மிரட்டுறாங்கள், வந்ததைத் திறக்காமல் ரிப்போர்ட் பண்ணி அழியுங்கோ" என்று ஒரு வரி போதும். நான் கண்டவரையில் சொந்தக்காரர் நீங்கள் பயப்படுவதை விடக் கனிவாகவே நடக்கிறார்கள்.

பொலிசுக்குப் போகத் தயக்கம் என்றால் 1929இல் தொடங்குங்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலும் கதைக்கலாம். பொலிஸ் நிலையம் போனால் சிறுவர் மகளிர் பிரிவைக் கேளுங்கள், வாசலில் நின்று எல்லோருக்கும் கதை சொல்ல வேண்டியதில்லை. மகனோடு யார் கூடப் போவது என்பதை அவனே சொல்லட்டும், அது மாமாவாகவும் இருக்கலாம்.

தங்கச்சி சொன்னது உண்மைதான், அவுஸ்திரேலியாவில் 2025 டிசம்பர் 10இல் இருந்து 16 வயதுக்குக் குறைந்தவர்கள் இன்ஸ்ரகிராம் போன்ற சமூக ஊடகங்களில் கணக்கு வைத்திருக்க முடியாது. ஆனால் அந்தச் சட்டம் தண்டிப்பது நிறுவனங்களை, பிள்ளையையோ பெற்றோரையோ இல்லை. உங்கள் மகனுக்கு 17, அங்கே இருந்திருந்தாலும் அவனுக்கு அது பொருந்தாது. அடியோடு நிறுத்தினால் கூட்டாளியின் போனில் திறப்பான், அங்கே நடப்பது உங்களுக்குத் தெரியவே வராது.

ரியூசன் ரீச்சரிடம் இரண்டு மாதக் காசை நீங்களே போய்க் கட்டிவிடுங்கள். காரணம் சொல்ல வேண்டியதில்லை, வீட்டில் கொஞ்சம் கஷ்டம் என்று சொன்னால் போதும். திங்கட்கிழமை வகுப்புக்குப் போகும்போது அந்த அட்டையை எப்படி நீட்டுவது என்றும் அவன் யோசித்துக்கொண்டிருப்பான்.