அண்ணன் சொல்வது தப்பு. ஆனாலும் கையெழுத்துப் போடாதீர்கள்

கேள்வி: எங்களுக்கு நாலரை ஏக்கர் சம்பா. அதில் ஒன்றரை ஏக்கர் கோயில் குத்தகை. 'கார்பன் கிரெடிட்' திட்டம் என்று ஒருவர் வந்தார். வயலைக் காயவிட்டுக் காயவிட்டுத் தண்ணீர் பாய்ச்சினால் வருஷா வருஷம் பணம் வருமாம், பதிவுக்கு ஏக்கருக்கு 500 ரூபாயாம். அண்ணனோ, "பருவநிலை மாற்றமே கட்டுக்கதை, 52-லும் 77-லும் அடிக்காத புயலா" என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?
- வாசகர், திருத்துறைப்பூண்டி வட்டம்

பதில்: அண்ணன் சொல்லும் காரணம் தப்பு. ஆனால் இந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

1952-லும் 1977-லும் நாகப்பட்டினத்தைப் புயல் அடித்தது உண்மைதான். புயல் புதிது என்று யாருமே சொல்லவில்லை. காற்றில் கரியமில வாயு தொழிற்சாலைக் காலத்துக்கு முன்பு பத்து லட்சத்துக்குச் சுமார் 280 பங்கு இருந்தது, இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. அதனால் பூமி சூடாகிறது. ஒரு டிகிரி சூடு ஏறினால் காற்று ஏறக்குறைய 7 சதவீதம் அதிக ஈரத்தைத் தாங்கும், கொட்டும்போது சேர்த்துக் கொட்டும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. பெய்தது. அந்த ஒரு மழையை மட்டும் காட்டி மாற்றத்தை நிரூபிக்க முடியாது, 1977-ஐக் காட்டி மறுக்கவும் முடியாது. பல பத்தாண்டுக் கணக்கைப் பார்க்க வேண்டும். சூரியன்தான் காரணம் என்று வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ சுற்றுகிறது. 1970-களின் கடைசியிலிருந்து செயற்கைக்கோள்கள் சூரியனை அளந்து வருகின்றன. இந்தச் சூட்டுக்கு ஈடாக அதன் வெப்பம் கூடவே இல்லை.

அண்ணனுக்கு இந்தச் சந்தேகம் வந்ததில் அதிகாரிகளுக்கும் பங்கு உண்டு. வடிகால் முழுக்க வெங்காயத்தாமரையும் நெய்வேலி காட்டாமணக்கும் மண்டிக் கிடக்கும். தூர் வாரியதாகக் கணக்கு மட்டும் இருக்கும். பயிர் மூழ்கியதும் 'பருவநிலை மாற்றம்' என்று பேட்டி கொடுப்பார்கள். வாய்க்காலை வெட்டாததற்கெல்லாம் வானத்தைக் கைகாட்டினால் மனிதர்களுக்கு வானத்தின் மேலேயே நம்பிக்கை போய்விடும்.

சரி, ஏஜெண்டுக்கு வருவோம். தண்ணீர் தேங்கிய நெல்வயலில் மீத்தேன் உண்டாகிறது, அதுவும் பூமியைச் சூடாக்கும் வாயுதான். காய்ச்சலும் பாய்ச்சலுமாக விட்டால் அது குறையும். குறைந்ததைக் கணக்கிட்டு, புகை விடும் கம்பெனிகளுக்கு விற்பதுதான் இந்த 'கார்பன் கிரெடிட்' வியாபாரம். முறை நல்ல முறை. பம்புசெட் வைத்துக் குறுவை போடுகிறவர் கையெழுத்தே இல்லாமல் செய்யலாம், தண்ணீர் மிச்சம். பூக்கும் பருவத்தில் மட்டும் காயவிடக் கூடாது. ஆனால் உங்களுடையது வாய்க்காலின் கடைசியில் இருக்கும் கடைமடைச் சம்பா. ஐப்பசி, கார்த்திகையில் வயலைக் காயவிடுவது உங்கள் கையிலா இருக்கிறது? வடிகாலே வடியாதபோது எதைக் காயவிடுவீர்கள்? இது அந்த ஆளுக்கும் தெரியும். அவருக்கு வேண்டியது உங்கள் 500 ரூபாயும், சிட்டா, ஆதார், பாஸ்புக் நகல்களும்தான். முன்பணம் கேட்கிறவர் எவராயினும் வாசலோடு அனுப்பிவிடுங்கள். ஒழுங்காகப் பதிவான திட்டங்களே கவிழ்கின்றன: சீனாவில் 37 நெல் திட்டங்களை, அவற்றுக்குச் சான்று தந்த அமைப்பே 2024-ல் நிராகரித்தது.

குத்தகை நிலத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அந்த ஒன்றரை ஏக்கரில் உங்களுக்கு இருப்பது சாகுபடி உரிமை மட்டும். நிலம் கோயிலுடையது. இப்படிப்பட்ட ஒப்பந்தங்கள் பல வருஷத்துக்குப் போடப்படுபவை. உரிமையாளர் சம்மதம் இல்லாமல் நீங்கள் கையெழுத்துப் போட்டால், நாளைக்குக் குத்தகை நிபந்தனையை மீறியதாக நோட்டீஸ் வரலாம். குத்தகைப் பதிவு உங்கள் அப்பா பெயரிலேயே இருந்தால் சிக்கல் இரண்டு மடங்கு. 'சொந்த நிலத்தோடு சேர்த்து எழுதிக்கலாம் அண்ணே' என்பார்கள், விடாதீர்கள். சர்வே எண் எழுதாத படிவத்தில் கையெழுத்தே கூடாது. வாய்ச் சம்மதம், பூசாரி சம்மதம், ஊர்ப் பெரியவர் சம்மதம் எதுவும் செல்லாது. எழுத்தில் வேண்டும். அறநிலையத் துறை அலுவலகத்தில் அந்த எழுத்தை வாங்குவதற்குள் இரண்டு போகம் அறுத்துவிடலாம், அது வேறு கதை.

இந்த நேரத்தைப் பயிர்க் காப்பீட்டில் செலவிடுங்கள். சம்பாவுக்கு உங்கள் பங்கு காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம்தான். கடைசித் தேதி வழக்கமாக நவம்பர் 15. அந்த வாரம் சர்வர் படுத்துவிடும், எந்த வயலில் என்ன பயிர் என்று காட்டும் அடங்கல் வாங்க வி.ஏ.ஓ.வைத் தேடி அலைய வேண்டியிருக்கும். அக்டோபரிலேயே போய்விடுங்கள். குத்தகை நிலத்துக்கும் அடங்கல் கேட்டு வாங்குங்கள். 'நானே கட்டிடறேன்' என்று வருகிறவரிடம் கொடுக்காதீர்கள். பணம் கட்டியதும் ரசீதை அங்கேயே நின்று படியுங்கள்: சர்வே எண், கிராமம், வங்கிக் கணக்கு எண். இழப்பைப் பெரும்பாலும் கிராமத்துக்கு மொத்தமாகத்தான் கணக்கெடுப்பார்கள். கிராமப் பெயர் தப்பாக ஏறிவிட்டால் பக்கத்து ஊர் விளைச்சலை வைத்து உங்களுக்குப் பூஜ்யம் போட்டுவிடுவார்கள்.