செக் நாட்டு ஜிம்னாஸ்டிக் வீராங்கனைகளில் உங்களை மிகவும் பாதித்தவர் யார்? ஏன்?

வேரா சாஸ்லாவ்ஸ்கா. யோசிக்காமலே சொல்லிவிடுவேன்.

ரிப்பன், வளையம், பந்து வைத்து ஆடும் ரிதமிக் பிரிவிலும் அந்த நாட்டுக்குப் பெருமை உண்டு. 1965-ல் தலைநகர் பிராகாவிலேயே நடந்த உலகப் போட்டியில் ஹானா மிச்செகோவா சாம்பியன் ஆனார். ஆனாலும் ஒரே ஒருவர் என்றால், பீம் (குறுகிய கட்டை), வால்ட் (தாண்டுதல்), பார் (கம்பி) என்று ஆடிய வேராதான் எனக்கு.

அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் 1968 மெக்சிகோ ஒலிம்பிக் மேடையில் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டதைச் சொல்லி முடித்துவிடுகிறார்கள். அதைவிடப் பெரிதாக எனக்குப் படுவது வேறு: போட்ட கையெழுத்தை அவர் கடைசி வரை வாபஸ் வாங்கவில்லை.

அந்தக் கையெழுத்தின் கதை இது. 1968 ஜூன் மாதம் செக்கோஸ்லோவாக்கியாவில் (செக் நாடு அப்போது அதன் பகுதி) லுத்விக் வாட்சுலிக் என்ற எழுத்தாளர் எழுதிய 'இரண்டாயிரம் சொற்கள்' என்ற அறிக்கை வெளியானது. நாட்டில் தொடங்கியிருந்த சீர்திருத்தங்கள் நிற்கக் கூடாது, மக்கள் அதற்குத் துணையாக எழ வேண்டும் என்று கேட்ட அறிக்கை. ஓட்டப்பந்தய வீரர் எமில் ஸாட்டோபெக் உட்படப் பலர் கையெழுத்துப் போட்டார்கள். வேராவும் போட்டார். இரண்டே மாதத்தில், ஆகஸ்ட் 20 இரவு, சோவியத் தலைமையிலான படைகள் டாங்கிகளோடு நாட்டுக்குள் நுழைந்துவிட்டன.

வேரா அப்போது மொராவியாவின் வடக்கே, ஷும்பெர்க் ஊரில் ஒலிம்பிக்குக்கான பயிற்சி முகாமில் இருந்தார். கையெழுத்துப் போட்டவர்களைக் கைது செய்யலாம் என்று தகவல் வர, யெசெனிக் மலைப்பகுதியில் போய் ஒளிந்துகொண்டார். ஒலிம்பிக்குக்கு இரண்டு மாதம்கூட இல்லை. காட்டில் பாரும் கிடையாது, பீமும் கிடையாது. மரக்கிளையைப் பிடித்துத் தொங்கி ஊஞ்சலாடினார். புல்வெளியில் ஃப்ளோர் (தரையில் ஆடும் பிரிவு) பயிற்சி செய்தார். உருளைக்கிழங்கு மூட்டைகளைத் தூக்கினார். இதில் எனக்கு மறக்கவே முடியாத விஷயம், அவர் மண்வாரியால் நிலக்கரி அள்ளியதுதான். பார் பிடித்து ஆடுகிறவர்களுக்கு உள்ளங்கை காய்த்துப்போயிருக்க வேண்டும். சில வாரம் விட்டால் தோல் மெத்தென்று ஆகிவிடும், அப்புறம் பாரைப் பிடித்ததும் கிழியும். அந்தக் காய்ப்பு போகாமல் இருக்கத்தான் கரி அள்ளினார். அதே நேரத்தில் சோவியத் அணி, கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேல் இருக்கும் மெக்சிகோ நகரத்தின் காற்றுக்கு உடம்பைப் பழக்கிக்கொண்டிருந்தது.

கடைசி நேரத்தில்தான் அவருக்குப் போக அனுமதி கிடைத்தது. போய் என்ன செய்தார் தெரியுமா? தனிநபர் ஒட்டுமொத்தம், வால்ட், அன்ஈவன் பார், ஃப்ளோர் என்று நான்கு தங்கம். ஃப்ளோருக்கு மெக்சிகோவின் நாட்டுப்புற நடன இசையையே எடுத்துக்கொண்டு ஆடினார். அரங்கமே அவர் பக்கம் வந்துவிட்டது. பீமில் நடுவர்கள் குறைத்துப் போட்ட மதிப்பெண்ணுக்குக் கூட்டம் விடாமல் கூச்சல் போட்டு, 9.6 என்பது 9.8 ஆனது. அப்படியும் தங்கம் சோவியத்தின் நடாலியா குச்சின்ஸ்கயாவுக்குத்தான். ஃப்ளோரில் சோவியத்தின் லாரிசா பெட்ரிக்கின் மதிப்பெண்ணை உயர்த்தி, தங்கத்தை இருவருக்கும் பங்கு போட்டார்கள். இந்த இரண்டு பரிசளிப்பிலும் சோவியத் கீதம் ஒலித்தபோது வேரா தலையைத் தாழ்த்தி, வலப்பக்கம் திருப்பிக்கொண்டார். பழைய படச்சுருளில் பார்த்தால் கையை உயர்த்தவில்லை, சத்தம் போடவில்லை, அவ்வளவு சின்ன அசைவு. ஆனால் யாருக்குப் புரிய வேண்டுமோ அவர்களுக்குப் புரிந்தது. வாங்கிய நான்கு தங்கத்தையும் ஊர் திரும்பி டூப்செக், ஸ்வோபோடா, செர்னிக், ஸ்ம்ர்கோவ்ஸ்கி என்ற, சீர்திருத்தக் காலத்து நாட்டுத் தலைவர்கள் நால்வருக்குக் கொடுத்துவிட்டார்.

இதை ஏதோ ஒரு வருட அதிசயம் என்று நினைக்க வேண்டாம். 1942-ல் பிறந்தவர், முதலில் பனிச்சறுக்கு நடனம் பழகி, பிறகு மூத்த வீராங்கனை ஈவா போசகோவாவின் வழிகாட்டலில் ஜிம்னாஸ்டிக்ஸுக்கு வந்தவர். 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் சோவியத் வீராங்கனை லாரிசா லத்தினினாவைத் தாண்டி ஒட்டுமொத்தத் தங்கம். 1965, 1967 ஐரோப்பியப் போட்டிகளில் இருந்த ஐந்து தங்கமும் அவருக்கே, இரண்டு முறையும். ஒலிம்பிக்கில் மட்டும் 7 தங்கம், 4 வெள்ளி. பெண்களுக்கான தனிநபர் பிரிவுகள் அத்தனையிலும் ஒலிம்பிக் தங்கம் வாங்கிய ஒரே வீராங்கனை இன்றைக்கும் அவர்தான்.

சரி, இவ்வளவு பெரிய ஆளுக்கு அப்புறம் என்ன ஆயிற்று? 26 வயதில் ஆட்டம் முடிந்தது. மெக்சிகோவிலேயே, 1,500 மீட்டர் ஓட்டத்தில் 1964-ல் வெள்ளி வென்ற யோசெஃப் ஓட்லோஜிலைக் கல்யாணம் செய்துகொண்டு திரும்பினார். கையெழுத்தை வாபஸ் வாங்கு என்றார்கள். முடியாது என்றார். விளையாட்டு உலகத்திலிருந்து ஒதுக்கினார்கள், வெளிநாடு போகத் தடை, பல வருடம் ஒழுங்கான வேலை இல்லை. ஸாட்டோபெக் போன்றவரே ஒரு கட்டத்தில் பின்வாங்கினார்; அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, அந்த நெருக்கடி அப்படி. அதனால்தான் வேராவின் மறுப்பு எனக்கு இவ்வளவு கனமாகத் தெரிகிறது. மேடையில் தலை திருப்ப ஒரு நிமிடத் துணிச்சல் போதும். வீட்டில் குழந்தைகளை வைத்துக்கொண்டு, வேலையில்லாமல், வருடக்கணக்கில் அதையே திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்ததே! பிற்பாடு பயிற்சியில் உதவ விட்டார்கள். 1979 முதல் 1981 வரை மெக்சிகோவில் பயிற்சியாளராக இருந்தார்.

1989-ல் கம்யூனிஸ்ட் ஆட்சி போனதும் புதிய ஜனாதிபதி வாட்ஸ்லாவ் ஹாவெலின் ஆலோசகர் ஆனார், அடுத்து நாட்டின் ஒலிம்பிக் குழுவின் தலைவர். 1993-ல் மகனோடு நடந்த கைகலப்புக்குப் பிறகு, ஏற்கெனவே விவாகரத்தாகியிருந்த ஓட்லோஜில் இறந்துபோனார். மகனுக்குத் தண்டனை, பிறகு ஹாவெலின் மன்னிப்பு. வேரா கடும் மனச்சோர்வில் பல வருடம் யார் கண்ணிலும் படவில்லை.

அதிலிருந்தும் மீண்டு வந்தார். டோக்கியோ நாளிலிருந்தே ஜப்பானியர்களுக்கு அவர் மேல் தனிப் பிரியம். 2011 சுனாமி வந்தபோது பாதிக்கப்பட்ட ஊர்ப் பிள்ளைகளைச் செக் நாட்டுக்கு வரவழைத்துத் தங்கவைக்க அவர்தான் முன்னின்றார். 2016 ஆகஸ்டில், 74 வயதில், கணையப் புற்றுநோயால் பிராகாவில் காலமானார்.