கோபம் வந்த நேரத்தைக் குறித்து வையுங்கள்

வாசகர் கேள்வி – பதில்

(பதில் எழுதுபவர் செங்கோட்டையில் வசிக்கும் ஓய்வுபெற்ற அரசு மருத்துவமனை நர்ஸ். தாமே பார்க்கின்சன் நோயோடு வாழ்பவர். இம்முறை பயம், கோபம் பற்றி வந்த கடிதங்களை எடுத்துக்கொண்டிருக்கிறார்.)

கேள்வி: சிஸ்டர், என் வீட்டுக்காரருக்கு வயது 58. பிரானூரில் மர அறுவை மில்லில் வேலை பார்த்தவர். நாலு வருஷமாகப் பார்க்கின்சன். கை ஆட்டம் வந்ததும் ரம்பத்துப் பக்கம் நிற்க வேண்டாம் என்று முதலாளி சொல்லிவிட்டார். இப்போது வீட்டில்தான். சிண்டோபா மாத்திரை காலை 8, மதியம் சாப்பிட்டு 2, ராத்திரி 8. அதிர்ந்து ஒரு வார்த்தை பேசாத மனுஷன், இப்போது மதியம் சோற்றுக்கு உட்காரும்போதும், விளக்கு வைத்த பிறகும் கத்துகிறார். வட்டிலைத் தள்ளிவிடுகிறார். கொஞ்ச நேரத்தில் அவரே அழுகிறார். தூக்க மாத்திரை வாங்கிக் கலந்து கொடு என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. என்ன செய்யட்டும்? – பெயர் வேண்டாம், பிரானூர்.

பதில்: அந்தத் தூக்க மாத்திரை யோசனையை முதலில் விட்டுவிடுங்கள் தங்கச்சி. ஏன் என்று பிறகு சொல்கிறேன். உங்கள் கடிதத்தை நீங்களே இன்னொரு தடவை படித்துப் பாருங்கள். மாத்திரை 8, 2, 8. கோபம் வருவது மதியச் சோற்றுக்கு முன்னும் விளக்கு வைத்த பிறகும். காலை பத்து மணிக்கு அவர் கத்தினார் என்று ஒரு வரிகூட நீங்கள் எழுதவில்லை. என் கண்ணில் முதலில் பட்டது அதுதான்.

மூளையில் டோப்பமின் என்ற ரசாயனத்தைச் சுரக்கும் செல்கள் குறைந்துகொண்டே போவதால் வருகிற நோய் இது. சிண்டோபாவில் இருக்கிற லெவோடோபா என்ற மருந்து அந்தக் குறையை ஈடுகட்டுகிறது. ஆனால் வருஷம் போகப் போக, ஒரு மாத்திரை தாங்குகிற நேரம் சுருங்கும். சீசன் முடிகிறபோது குற்றாலத்தில் தண்ணீர் மெலிகிற மாதிரி, அடுத்த மாத்திரைக்கு முன்பே மருந்து இறங்கத் தொடங்கிவிடும். அப்போது கை ஆட்டமும் விறைப்பும் கூடுவதை வீட்டில் எல்லோரும் பார்க்கிறார்கள். அதே நேரத்தில் உள்ளே படபடப்பும் எரிச்சலும் காரணமில்லாத துக்கமும் கிளம்புவதை யாரும் பார்ப்பதில்லை. டோப்பமின் கைகாலுக்கு எவ்வளவு வேண்டுமோ, மனசுக்கும் அவ்வளவு வேண்டும். எனக்கும் இது நடக்கிறது. மாத்திரை இறங்குகிற நேரத்தில் மிக்ஸி ஓடினால் என்னால் அந்த வீட்டில் இருக்க முடியாது. அடுத்த மாத்திரை ஏறிய பிறகு அதே சத்தம் காதில்கூட விழாது.

தினசரி காலண்டரில் கிழிக்கிற தாளின் பின்பக்கத்தில், ரெண்டு வாரத்துக்கு இதை மட்டும் எழுதுங்கள்: மாத்திரை போட்ட நேரம், சாப்பிட்ட நேரம், என்ன சாப்பிட்டார், கை ஆட்டம் கூடிய நேரம், கோபமோ அழுகையோ வந்த நேரம். அந்தத் தாள்களை அப்படியே நரம்பு டாக்டரிடம் நீட்டுங்கள். மாத்திரை இடைவெளியைக் குறைப்பதா, வேறு மருந்து சேர்ப்பதா என்று அவர் முடிவு செய்ய இதைவிட நல்ல சான்று கிடையாது. நீங்களாக நேரத்தை மாற்ற வேண்டாம்.

அப்புறம் சாப்பாடு. பருப்பு, கடலை, முட்டை, மீன், கறி, தயிர் எல்லாவற்றிலும் புரதம் இருக்கிறது. லெவோடோபா குடலிலிருந்து ரத்தத்துக்கும், ரத்தத்திலிருந்து மூளைக்கும் போகிற வழியில் இந்தப் புரதச் சத்தோடு மோத வேண்டியிருக்கிறது. சாம்பார் சாதம் சாப்பிட்டு உடனே போட்ட மாத்திரை தாமதமாக வேலை செய்யும், சில நாள் செய்யாமலே போகும். சாப்பாட்டுக்கு அரை மணி முன்போ, சாப்பிட்டு ஒன்றிரண்டு மணி நேரம் கழித்தோ போடலாமா என்று கேளுங்கள். பருப்பையே நிறுத்திவிடாதீர்கள், உடம்பு இளைத்துவிடும். மலச்சிக்கல் இருந்தால் அதையும் சொல்லுங்கள். குடல் மந்தமானால் மாத்திரையும் மந்தம்தான். மாத்திரை ஏறி, கை கொஞ்சம் அடங்கிய பிறகு சோறு போட்டால் வட்டில் தள்ளப்படுவது குறையும். சோற்றைக் கை வாய்க்குக் கொண்டுபோக முடியாமல் சட்டையில் சிந்துகிறபோது, எதிரே மனைவி பார்த்துக்கொண்டிருப்பதைத் தாங்க முடியாமல்தான் பல ஆண்கள் கத்துகிறார்கள். விளிம்பு உயர்ந்த கனத்த கிண்ணத்தில் போடுங்கள். டம்ளரில் பாதிக்கு மேல் ஊற்றாதீர்கள்.

எல்லாக் கோபத்தையும் மாத்திரைக் கணக்கில் எழுதிவிடவும் முடியாது. தேக்குத் தடியைக் கண்ணால் பார்த்தே இத்தனை கன அடி என்று சொல்லக்கூடிய மனுஷர், 58 வயதில் வாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். அந்தத் துக்கம் நிஜம். ரம்பத்திலிருந்து தள்ளி, தடி அளக்கிற, கணக்கு எழுதுகிறவருக்கு அளவு சொல்கிற வேலை ஏதாவது தர முடியுமா என்று முதலாளியிடம் நீங்கள் போய்க் கேளுங்கள். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் பார்க்கின்சனும் சேர்க்கப்பட்டிருக்கிறது. தென்காசி அரசு மருத்துவமனையில் சான்றிதழுக்கு விசாரியுங்கள். இது தெரியாமலே எத்தனையோ பேர் இருக்கிறார்கள்.

இன்னொன்று, அவர் முகம். இந்த நோயில் முகத் தசை இறுகிவிடும், கண் சிமிட்டுவது குறையும். சும்மா உட்கார்ந்திருக்கிறவர்கூடக் கோபமாக இருப்பதுபோலத் தெரிவார். முகத்தைப் பார்த்து முடிவு செய்யாமல் வாயால் கேட்டுவிடுங்கள்.

இப்போது தூக்க மாத்திரை. கோபத்தை அடக்க என்று கொடுக்கப்படும் ஹாலோபெரிடால் போன்ற மருந்துகள் டோப்பமினையே தடுப்பவை. அவர் மரக்கட்டையாக விறைத்துப்போகலாம். வாந்திக்கு என்று போடுகிற மெட்டோகுளோப்ரமைடு ஊசியும் அப்படித்தான். எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும், ஊசி போடுவதற்கு முன்னால் “இவருக்குப் பார்க்கின்சன்” என்று சத்தமாகச் சொல்லுங்கள். அவருக்குத் தெரியாமல் சோற்றில் எதையும் கலக்காதீர்கள்.

கேள்வி: நான் சிலோனிலிருந்து வந்து புனலூர் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டி ஓய்வு பெற்றவள். குளத்தூப்புழையில் மகளோடு இருக்கிறேன். நிலைப்படியிலும் பஸ் படியிலும் கால் தரையோடு ஒட்டிக்கொள்கிறது. கை ஆடுவதைப் பார்த்து ஆட்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். கோயிலுக்குப் போவதையே விட்டுவிட்டேன். விடியற்காலையில் நெஞ்சு படபடத்து வேர்க்கிறது. படுத்த படுக்கையாகிவிடுவேனோ என்று பயம். – ஒரு தாய், குளத்தூப்புழை.

பதில்: அக்கா, நெஞ்சுப் படபடப்பு என்று எழுதியிருப்பதால் முதலில் ஒரு ஈசிஜி எடுத்து, படுத்தும் நின்றும் பிரஷர் பார்த்துவிடுங்கள். அதில் கோளாறில்லை என்று தெரிந்தபிறகு மீதியைப் படியுங்கள்.

ராத்திரி மாத்திரைக்கும் காலை மாத்திரைக்கும் நடுவில்தான் நீண்ட இடைவெளி. விடியற்காலைப் பயம் பலருக்கு அந்த இடைவெளியின் கடைசியில் வருவது. அதை டாக்டரிடம் சொன்னால் ராத்திரி மருந்தை மாற்றிப் பார்ப்பார். அதற்கும் அடங்காத பயத்துக்குத் தனி மருந்தும் மனநல ஆலோசனையும் உண்டு. டெலிமானஸ் என்ற அரசு உதவி எண் 14416. எந்நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம், மலையாளத்திலும் பேசலாம். செத்துப்போய்விடலாம் என்ற நினைப்பு என்றைக்காவது வந்தால், அன்றைக்கே மகளிடம் சொல்லிவிட வேண்டும்.

கால் ஒட்டுவதற்கு ஒரு வழி சொல்கிறேன், அப்படியே செய்யுங்கள். ஒட்டிக்கொண்டதும் இழுக்காதீர்கள். நில்லுங்கள். நிலையைப் பிடித்துக்கொண்டு, உடம்பு எடையை இடது காலுக்கும் வலது காலுக்குமாக மெல்ல மாற்றுங்கள். பிறகு “ஒன்று, ரெண்டு” என்று எண்ணி, எதையோ தாண்டுகிற மாதிரி காலை உயர்த்தி வையுங்கள். நிலைப்படிக்கு இந்தப் பக்கம் ஓர் அடி இடைவெளியில் கலர் டேப்பால் கோடுகள் ஒட்டச் சொல்லுங்கள். சமதரையில் மாட்டிக்கொள்கிற கால், கோட்டைக் கண்டால் தாண்டும். தானாக நடக்கிற பாதையில்தான் கோளாறு, பார்த்துத் திட்டமிட்டு நடப்பதற்கு மூளை வேறு பாதையைப் பயன்படுத்துகிறது. திரும்பும்போது நின்ற இடத்திலேயே சுழலாமல் அரைவட்டமாக நடந்து திரும்புங்கள்.

மகளுக்கு ஒரு வார்த்தை: கையைப் பிடித்து இழுக்காதே அம்மா. “சீக்கிரம்” என்றும் சொல்லாதே. அவசரமும் பயமும் காலை இன்னும் ஒட்டவைக்கும். பஸ்ஸில் ஏறும்போது நீ முதலில் கண்டக்டரிடம் சொல்லிவிடு.

கோயிலுக்குப் போங்கள் அக்கா. மாத்திரை நன்றாக வேலை செய்கிற நேரம் உங்களுக்கு எது என்று பார்த்து, அந்த நேரத்தில் போங்கள். யாராவது கையைப் பார்த்தால் “இது பார்க்கின்சன், யாருக்கும் தொற்றாது” என்று சொல்லிவிடுங்கள். நான் அப்படித்தான் சொல்கிறேன். சொன்னதும் ஆட்டம்கூடக் கொஞ்சம் குறையும், மறைக்கிற பாரத்தில்தான் அது கூடுவது. படுக்கையாகிவிடுவோமா என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. இந்த நோய் ஆளுக்கு ஆள் வேறு மாதிரி, பெரும்பாலும் மெதுவாகப் போகிறது. பல வருஷம் நடமாடுகிறவர்கள் நிறைய. ஆனால் பயந்து வீட்டோடு உட்கார்ந்தால் தசை தளர்ந்து, விழுவது கூடும். நடங்கள்.

கேள்வி: அப்பாவுக்குப் போன வருஷம் மாத்திரை மாற்றினார்கள். அதிலிருந்து புளியரை செக்போஸ்ட்டைத் தாண்டிப் போய்க் கேரள லாட்டரி கட்டுக் கட்டாக வாங்குகிறார். தடுத்தால் அடிக்க வருகிறார். இத்தனை வருஷத்தில் சீட்டுகூட ஆடாதவர். – புளியரை வாசகர்.

பதில்: தம்பி, மாத்திரைச் சீட்டை எடுத்துப் பாருங்கள். பிரமிபெக்சால் அல்லது ரோபினிரோல் என்று இருக்கிறதா? டோப்பமினைப் போலவே வேலை செய்யும் இந்த வகை மருந்துகள் சிலருக்குச் சூதாட்டம், அளவில்லாமல் வாங்குவது, தின்பது, காம இச்சை என்று அடக்க முடியாத உந்துதலைக் கிளப்பும். இது நன்றாகத் தெரிந்த பக்கவிளைவு. தமிழ்நாட்டில் 2003-லேயே லாட்டரியைத் தடை செய்துவிட்டார்கள், ஆனால் நம் ஊருக்கு எல்லை கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. இந்த வாரமே டாக்டரைப் பாருங்கள். வீட்டிலேயே சட்டென்று நிறுத்தக் கூடாது, படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். அதுவரை ஏடிஎம் கார்டு உங்களிடம் இருக்கட்டும். அப்பாவை யாரும் கேவலமாகப் பேச வேண்டாம்.

கேள்வி: எல்லோருக்கும் பொறுமையாகச் சொல்கிறீர்களே, உங்களுக்குக் கோபமே வராதா? – தென்காசி வாசகி.

பதில்: வரும். பிறந்த குழந்தையின் காலில் ஊசி போட்ட கை இது. இன்று ஜாக்கெட்டின் கொக்கியை மாட்ட முடியவில்லை. ஒரு கொக்கி மாட்டினால் அடுத்தது கழன்றுவிடும், அதற்குள் விரல் விறைத்துவிடும். கொக்கிகளைப் பிரித்துவிட்டு வெல்குரோ தைக்கச் சொன்னாள் மருமகள். அந்த ஒரு கோபம் அதோடு தீர்ந்தது. மருந்துக்கடையில் நான் சில்லறை எண்ணும்போது பின்னால் நிற்கிறவர் உச்சுக் கொட்டினால் வருகிற கோபம் தீரவில்லை. “தம்பி, எனக்கு நேரம் ஆகும்” என்று திரும்பிப் பார்த்துச் சொல்வேன். குரல் சன்னமாகிவிட்டதால் அதைச் சத்தமாகச் சொல்ல முடிய வேண்டுமே என்றே தினமும் பேப்பரை உரக்கப் படிக்கிறேன்.

1817-இல் ஜேம்ஸ் பார்க்கின்சன் இந்த நோயை எழுதியபோது நடுக்கத்தையும் குனிந்த நடையையும் விவரித்துவிட்டு, புலன்களுக்கும் அறிவுக்கும் பாதிப்பில்லை என்றார். மனசைப் பற்றிக் கேட்பதற்கு வைத்திய உலகத்துக்கு ரொம்பக் காலம் ஆனது. இன்றும் நோயாளிகளிடம் “மனதைரியமாக இருங்கள்” என்கிறார்கள். கை ஆட்டத்துக்கு அப்படி யாரும் சொல்வதில்லை, மாத்திரை கொடுக்கிறார்கள். பயத்துக்கும் கோபத்துக்கும் அதே கவனிப்பைக் கேட்டு வாங்குங்கள் என்பதற்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுதுகிறேன்.

கேள்வி: சீக்கிரம் மாத்திரை ஆரம்பித்தால் பின்னால் வேலை செய்யாது என்கிறார்கள். பயந்துபோய், கேரளா வைத்தியரிடம் பூனைக்காலி விதைச் சூரணம் வாங்கிச் சாப்பிடுகிறேன். சிண்டோபாவை நிறுத்தலாமா? – இலஞ்சி வாசகர்.

பதில்: நிறுத்தாதீர்கள் அண்ணாச்சி. திடீரென்று நிறுத்தினால் கடுங்காய்ச்சல், விறைப்பு, நினைவு தடுமாறுவது என்று உயிருக்கே ஆபத்தாகலாம். மாத்திரை பிற்காலத்தில் வேலை செய்யாமல் போவதில்லை. நோய் வளர்வதால் அது தாங்குகிற நேரம் குறைகிறது. தள்ளிப்போட்டால் நல்ல வருஷங்களைக் கஷ்டத்தில் கழிப்பதுதான் மிச்சம்.

பூனைக்காலியை நான் இழிவாகப் பேச மாட்டேன். அந்த விதையில் லெவோடோபா இருப்பதைச் சென்னை ஆராய்ச்சியாளர்கள் 1937-லேயே கண்டுபிடித்துவிட்டார்கள். ஆபத்தும் அதனால்தான். ஒரு ஸ்பூன் சூரணத்தில் எவ்வளவு மருந்து என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. சிண்டோபாவோடு அது சேரும்போது மருந்து மிதமிஞ்சி, உடம்பு தானாக நெளிவது, வாந்தி, தலைச்சுற்றல், இல்லாததைக் காண்பது எல்லாம் வரலாம். எண்ணெய் தேய்த்துப் பிடித்துவிடுவது வேறு, விறைப்புக்கு இதமாக இருந்தால் செய்துகொள்ளுங்கள். திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா ஆஸ்பத்திரி மாதிரி, இந்த நோய்க்கென்றே தனிப் பிரிவு உள்ள இடத்தில் ஒரு தடவை காட்டுங்கள். போகும்போது சூரண டப்பாவையும் கையோடு எடுத்துப் போங்கள். லேபிள் இல்லையென்றால், அதில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று வைத்தியரிடம் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.