டிக்கி பாணிதான் ஹவாய் பண்பாடா?

மூங்கில் சுவர், ஓலைக் கூரை, கோர முகம் செதுக்கிய மரச் சிலை, குடை செருகிய காக்டெயில்: இதெல்லாம் ஹவாய் மக்களின் பாரம்பரியம்தானே என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. டிக்கி என்று சொல்லப்படும் இந்த மதுக்கூட அலங்காரப் பாணி பிறந்தது கலிபோர்னியாவில்.

1930-களில், அமெரிக்காவில் மதுவிலக்கு முடிவுக்கு வந்த காலத்தில், டான் பீச் என்பவர் ஹாலிவுட்டில் 'டான் தி பீச்காம்பர்' மதுக்கூடத்தைத் தொடங்கினார். ஓக்லாந்தில் விக்டர் பெர்ஜெரானின் 'டிரேடர் விக்ஸ்' வந்தது. பசிபிக் போர்முனையிலிருந்து சிப்பாய்கள் ஊர் திரும்பிய பிறகு இந்த மோகம் நாடெங்கும் பரவியது. அங்கே ஊற்றப்படும் ரம் கரீபியன் சரக்கு. தட்டில் வருவது அமெரிக்க நாக்குக்கு மாற்றிய சீனச் சமையல். சுவரில் ஈஸ்டர் தீவின் 'மோவாய்' என்ற கற்சிலையின் முகமும் நியூகினி முகமூடியும் பக்கத்துப் பக்கத்தில் தொங்கும்.

ஹவாயோடு தொடர்பே இல்லையா என்றால், இருக்கிறது. அதுதான் எனக்கு வலிக்கும் இடமும். ஹவாயின் தலைநகர் ஹொனலூலுவில் உள்ள பிஷப் அருங்காட்சியகத்தில் கூ என்ற தெய்வத்தின் சிலை ஒன்று உண்டு. ஆளைவிட உயரம், மடங்கிய முழங்கால், அகலத் திறந்த வாய். போருக்கும் ஆட்சிக்கும் உரிய தெய்வம். 1819-இல் ஹவாய் மன்னர் இரண்டாம் கமேஹமேஹா 'கபு' என்ற பழைய சமய விலக்கு விதிகளைக் கைவிட்டபோது கோயில்கள் இடிக்கப்பட்டன, சிலைகள் எரிக்கப்பட்டன. இந்த வகைப் பெரிய கூ சிலைகளில் உலகத்தில் இன்று மிஞ்சியவை மூன்றே. மற்ற இரண்டும் லண்டனிலும் அமெரிக்காவின் சேலம் நகரிலும் இருக்கின்றன. அந்த வாயையும் அந்தக் கண்ணையும்தான் பீங்கான் குவளையாக வார்த்து ரம் ஊற்றிக் கொடுக்கிறார்கள். நம் ஊர்க் காவல் தெய்வத்தின் தலையில் யாராவது சாராயம் ஊற்றி, ஸ்ட்ரா போட்டு உறிஞ்சினால் நமக்கு எப்படி இருக்கும்?

பிறகு டிக்கி ஹவாய்க்கே போய்ச் சேர்ந்தது. பெர்ஜெரான் 1944-இல் தான் உருவாக்கியதாகச் சொன்ன 'மாய் தாய்' என்ற ரம் காக்டெயில், 1950-களில் ஹொனலூலுவின் வைக்கிக்கி கடற்கரை ஹோட்டல்களில் நுழைந்தது. அன்னாசிச் சாறு சேர்ந்தது. இன்று சுற்றுலாப் பயணிகள் அதை ஹவாயின் பானம் என்றே நம்புகிறார்கள்.

உண்மையான ஹவாயில் கலோதான் உயிர்ப் பயிர். நம் சேப்பங்கிழங்குச் செடியேதான் அது. அதன் கிழங்கை இடித்துக் குழைத்தால் 'போய்' என்ற களி. அந்தச் செடியைத் தங்கள் மூத்த அண்ணன் என்றே அவர்கள் புராணம் சொல்கிறது. அவர்களின் ஹுலா நடனமும் வெறும் இடுப்பாட்டம் இல்லை. வம்சாவளியையும் தெய்வங்களையும் பாடும் பாட்டுக்கு உடல் கொடுக்கும் கலை. 1830-இல் ராணி கஅஹுமனு பொது இடங்களில் அதைத் தடுத்தார். கலாகௌவா மன்னர் தன் 1883 முடிசூட்டு விழாவில் அதை மீண்டும் அரங்கேற்றினார்.

டிக்கி பாருக்குப் போவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. கடவுள் முகம் போட்ட குவளையை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. ஹவாய் போகும் வாய்ப்பு வந்தால், ஈஸ்டருக்கு அடுத்த வாரம் ஹீலோ ஊரில் நடக்கும் மெர்ரி மோனார்க் விழாவுக்குப் போங்கள். கலாகௌவாவின் பட்டப்பெயரில் நடக்கும் ஹுலா போட்டி அது.